திறந்த கதவு கணக்கில் சேராது

மூன்றாவது துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக் தெருவில் நடந்துவந்தபோது யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த நகரத்தில் ஒருவன் பட்டப்பகலில் தலையைப் படிய வாரி, சட்டைப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு, கையில் ஒரு புதுத் துடைப்பத்தோடு நடந்துபோனால் அவன் குடியிருப்பு ஒதுக்கீட்டு வாரியத்திலிருந்து வருகிறான் என்று அர்த்தம். எதிரில் வருபவர்கள் சற்று ஒதுங்கி வழிவிடுவார்கள். வீடு இல்லாதவர்களிடம்தான் அந்த நகரத்தில் துடைப்பங்கள் அதிகம்.

கதவைத் திறந்த அண்ணி துடைப்பத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க தம்பி. வீடு கேட்டா வீட்டைப் பெருக்கச் சொல்லி அனுப்புறாங்க. இன்னும் ரெண்டு தடவை போயிட்டு வந்தீங்கன்னா கடையே போட்டுடலாம்."

அவனும் மனைவியும் அண்ணன் வீட்டுக் கூடத்தில், ஒரு துணி அலமாரிக்குப் பின்னால் குடியிருந்தார்கள். அலமாரி அண்ணியுடையது. காலையில் அவளுக்குப் புடவை வேண்டுமென்றால் அலமாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் வருவாள். அந்த அளவுக்கு அவள் நல்லவள். ஆனால் அண்ணன் அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவர். பகல் முழுவதும் அடுத்த அறையில் தூங்குவார். மெக்கானிக்கின் மனைவி இப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் பகல், இரவு பார்த்து அழுவதில்லை.

"குழந்தை வரட்டும், கொஞ்சலாம். ஆனா இந்தக் கூடத்துல அது அழுதா உங்க அண்ணன் வேலை போயிடும். அப்புறம் எல்லாருமா சேர்ந்து அழ வேண்டியதுதான்" என்று அண்ணி சொல்லியிருந்தாள். அதில் தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. குழந்தை பிறப்பதற்குள் வீடு கிடைக்காவிட்டால் மனைவி வெளியூரில் அவள் அம்மாவிடம் போய்விடுவாள், அவன் அலமாரிக்குப் பின்னால் தனியாக இருப்பான் என்று முடிவாகியிருந்தது.

வாரியத்தைக் குறை சொல்லிவிட முடியாது. முன்பெல்லாம் அவர்கள் வரிசைப்படிதான் வீடு கொடுத்தார்கள். வரிசையில் முன்னால் நிற்பவர்களுக்கே வீடு கிடைக்கிறது என்று புகார் வந்தது. பிறகு தேவையைப் பார்த்துக் கொடுத்தார்கள். தேவை உள்ளவர்களாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள், இது பாரபட்சம் என்று புகார் வந்தது. கடைசியில் எந்தப் புகாருக்கும் இடமில்லாத மூன்று கதவு முறையைக் கொண்டுவந்தார்கள்.

மெழுகு போட்டுத் துடைத்த தரையுள்ள மண்டபம். சுவரில் மூன்று பச்சைக் கதவுகள். ஒரு கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு வீட்டுச் சாவி தொங்கும். மற்ற இரண்டிலும் கதவுக்கொரு துடைப்பம். விண்ணப்பதாரர் ஏதாவது ஒரு கதவைத் தொட வேண்டும். உடனே திறப்பாளர் வருவார். வெள்ளைக் கையுறை போட்ட, பேசவே பேசாத மனிதர். தினமும் காலையில் சாவியைக் கொண்டுபோய் மாட்டுபவரும் அவர்தான். விண்ணப்பதாரர் தொடாத இரண்டு கதவுகளில் ஒன்றை அவர் திறந்து காட்டுவார். உள்ளே துடைப்பம் இருக்கும். வாரியம் மக்களிடம் எதையும் மறைப்பதில்லை என்பதற்கான ஏற்பாடு இது. பிறகு இயக்குநர் எழுந்து நின்று, "நிற்கிறீர்களா, மாறுகிறீர்களா?" என்று கேட்பார். அவர் தலைக்கு மேல், 'முதல் முடிவே முதிர்ந்த முடிவு' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். எல்லோரும் அதை ஒரு முறை பார்த்துவிட்டு, "நிற்கிறேன்" என்பார்கள். அவர்கள் தொட்ட கதவைத் திறப்பார்கள். சாவி இருந்தால் வீடு. இல்லாவிட்டால் ஆறுதல் பொருளாக ஒரு துடைப்பம். அதையும் ஏற்கெனவே திறந்து கிடக்கும் கதவிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பார்கள். புதிதாக இன்னொரு ஆணியைத் தொந்தரவு செய்வானேன் என்று ஒரு சிக்கன நடவடிக்கை.

அண்ணி இதையெல்லாம் முன்பே கேட்டிருக்கிறாள். அன்றுதான் முதல் முறையாக, மூன்றாவது துடைப்பத்தைச் சமையலறை மூலையில் நிறுத்தி வைக்க இடமில்லாமல் போனதால், யோசித்தாள்.

"தம்பி, அந்தக் கையுறை ஆளுக்குச் சாவி எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும் அண்ணி. மாட்டுறதே அவர்தானே."

"ஒரு தடவையாவது சாவி இருக்கற கதவைத் திறந்து காட்டியிருக்காரா?"

"அது எப்படி? துடைப்பத்தைத்தான் காட்டுவார்."

"எங்க பெரியம்மாவும் இப்படித்தான். ரெண்டு மருமக. ஒருத்தியைப் பத்தி வாய் ஓயாம சொல்லுவா. இன்னொருத்தியைப் பத்திக் கேட்டா தண்ணி குடிக்கப் போயிடுவா. விஷயம் அங்கதான் இருக்கும்." அண்ணி துடைப்பத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "அந்த ஆள் சும்மா திறக்கல தம்பி. சொல்றார். உங்களுக்குத்தான் காது கேக்கல."

அவன் மனைவி செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இவரு தொட்ட கதவுலயே சாவி இருந்துட்டா என்னக்கா பண்றது?" என்றாள்.

"மூணு தடவைக்கு ஒரு தடவை இருக்கும். அந்த ஒரு தடவை மாறினா போச்சு. மீதி ரெண்டு தடவை?"

மூன்று காலி செருப்புப் பெட்டிகள் வந்தன. அண்ணன் சவரம் செய்யும் பிரஷ் சாவியானது. அண்ணி சூடான பாத்திரம் பிடிக்கும் கையுறையை மாட்டிக்கொண்டு திறப்பாளரானாள். மெக்கானிக் முதலில் நின்று பார்த்தான். ஒரு தடவை பிரஷ் கிடைத்தால் இரண்டு தடவை கிடைக்கவில்லை. பிறகு மாறிப் பார்த்தான். அப்படியே தலைகீழாக ஆனது. சாப்பாடு ஆறிப்போகும் வரை மாறிக்கொண்டே இருந்தான். திடீரென்று அவனுக்குப் பிடிபட்டது.

"நான் முதல்ல தப்பாத் தொட்டிருந்தா, மாறும்போது கண்டிப்பா சரியா வருது அண்ணி."

"பின்ன? மூணு தடவையில ரெண்டு தடவை நீங்க தப்பாத்தான் தொடறீங்க. அப்படி ஒரு திறமையை வச்சுக்கிட்டு இத்தனை நாளா வீணாக்கிட்டிருந்தீங்களே."

அடுத்த முறை வாரியத்திலிருந்து அழைப்பு வந்தபோது அவன் இடது கதவைத் தொட்டான். திறப்பாளர் நடுக்கதவைத் திறந்தார். துடைப்பம். இயக்குநர் வழக்கம்போல் கேட்டார்.

"மாறுகிறேன்" என்றான் மெக்கானிக்.

மண்டபத்தின் கடைசி வரிசையில் யாருடைய பேனாவோ கீழே விழுந்து உருண்டுபோனது. அது நிற்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு அன்றைய நிகழ்ச்சியை ஒத்திவைத்து அவனை மன உறுதிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாள் அங்கே மிகுந்த பரிவோடு அவனை உட்கார வைத்தார்.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"எது மேடம்?"

"மனசு மாறுறது."

"இல்ல."

"மனைவியை மாத்தணும்னு எப்பவாவது தோணியிருக்கா?"

"ஐயோ, இல்ல மேடம்."

"அப்ப கதவை மட்டும் ஏன்ப்பா?"

அந்த அம்மாள் விதியை விளக்கினார். தகுந்த காரணம் இருந்தால் மாறலாம். காரணம் இல்லாமல் மாறுவது சபலம், அனுமதி இல்லை. மாறினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது மட்டும்தான் காரணமாக இருக்க முடியும். அப்படி அதிகம் இல்லை என்று கணக்கு ஆலோசகர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதால் அது காரணம் ஆகாது.

"அப்ப யாரும் மாறவே முடியாதா மேடம்?"

"யார் சொன்னா? தாராளமா மாறலாம். காரணம்தான் வேணும்."

கணக்கு ஆலோசகரின் அறை மாடியில் இருந்தது. அறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்றைத் திறந்தும் ஒன்றை மூடியும் வைத்திருந்தார்.

"மூடின கதவு எத்தனை?"

"ரெண்டு சார்."

"சாவி?"

"ஒண்ணு."

"அப்ப பாதிக்குப் பாதி. இதுக்கு மேல கணக்கே கிடையாது. நாளைக்கு மழை பெய்யும், இல்லேன்னா பெய்யாது. பாதிக்குப் பாதி. அதனால நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடை எடுத்துட்டு வருவேன்."

"நனைய மாட்டீங்களா சார்?"

"பாதி நனைவேன்" என்றார் ஆலோசகர் பெருமையாக.

மெக்கானிக் அங்கேதான் அந்தத் தவறைச் செய்தான். அண்ணி சொன்னதை அப்படியே ஒப்பித்தான். "இல்ல சார், ரெண்டு கதவும் ஒண்ணு இல்ல. திறக்கறவருக்குச் சாவி எங்கன்னு தெரியும்ல."

ஆலோசகரின் முகம் வெளிறியது. "யாருக்கு என்ன தெரியும்?"

"திறப்பாளருக்கு. சாவி எந்தக் கதவுலன்னு."

ஆலோசகர் எழுந்து திறந்திருந்த ஜன்னலையும் மூடினார்.

அன்று மாலையே வாரியத்தின் அவசரக் கூட்டம் கூடியது. தங்கள் மத்தியில் ஒருவருக்கு ஒன்று தெரிந்திருக்கிறது, அதுவும் பல வருடங்களாகத் தெரிந்திருக்கிறது என்ற செய்தி உறுப்பினர்களை நிலைகுலையச் செய்தது. அறிவு என்பது பாரபட்சத்தின் முதல் படி என்று இயக்குநர் பேசினார். திறப்பாளருக்கு மாலை போட்டு ஓய்வு கொடுத்தார்கள். அவர் கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அப்போதும் எதுவும் பேசாமல் போனார். இனிமேல் சாவியை ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டுவார் என்றும், எதுவுமே தெரியாத ஒருவரைப் புதிய திறப்பாளராக நியமிப்பது என்றும் முடிவானது. வாரியத்துக்குள்ளேயே போட்டி கடுமையாக இருந்தது. எழுத்துத் தேர்வு வைத்தார்கள். பதில் எழுதியவர்கள் எல்லோரும் தோற்றார்கள். ஆவணப் பிரிவிலிருந்து ஒருவர் தன் பெயரைக்கூட எழுதாமல் தாளைத் திருப்பிக் கொடுத்திருந்தார். அவர் யார் என்று கண்டுபிடித்து வேலையைக் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறகு இயக்குநர் மெக்கானிக்கைத் தன் அறைக்கே கூப்பிட்டார். தேநீர் கொடுத்தார்.

"உங்களுக்கு மாற அனுமதி தர்றோம். பொதுமக்கள் முன்னாடி. மாறினா ஒரு வித்தியாசமும் இல்லேன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

"வித்தியாசம் இல்லேன்னா இத்தனை நாள் ஏன் சார் விடல?"

"வித்தியாசம் இல்லாத ஒண்ணை எதுக்கு விடணும்?" இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தம்பி, இந்த வாரியம் ஆரம்பிச்சப்ப இருந்த வீடுங்கள்ல பெரும்பாலானது இன்னிக்கும் புத்தம் புதுசா இருக்கு. சுவத்துல ஒரு கீறல் கிடையாது. ஏன்? யாரையும் குடிவச்சுப் பாழாக்கல. வர்றவங்க எல்லாரும் மாற ஆரம்பிச்சு, வீடெல்லாம் தீர்ந்துபோச்சுன்னு வைங்க. அப்புறம் நாங்க இத்தனை பேர் எங்க போறது?"

அவர் குரலில், இருக்கும் இடத்தைக் காலிசெய்யச் சொல்லப்பட்டவனின் நடுக்கம் இருந்தது. மெக்கானிக்குக்கு அந்த நடுக்கம் நன்றாகத் தெரியும். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொன்னான். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியாத ஆளைப் போட வச்சுட்டீங்களா? கெடுத்தீங்களே தம்பி."

"ஏன் அண்ணி? அதே கதவு, அதே துடைப்பம்."

"தெரிஞ்ச மனுஷன் ஒரு கதவைத் திறக்காம விட்டா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. குருட்டாம்போக்குல திறக்கறவன் விட்டா என்ன அர்த்தம் இருக்கு? அவன் விட்டான், அவ்வளவுதான். இப்பதான் நிஜமாவே பாதிக்குப் பாதி."

நம்பிக்கையில்லாமல் செருப்புப் பெட்டிகளை மறுபடியும் எடுத்தார்கள். அண்ணி பிரஷை ஒளித்தாள். எங்கே ஒளித்தாள் என்று தெரியாமல் மனைவி திறப்பாளரானாள். மெக்கானிக் ஒரு பெட்டியைத் தொட்டான். மனைவி கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றைத் திறந்தாள். பிரஷ் எழுந்து நின்று அவர்களைப் பார்த்தது.

"இப்ப என்ன பண்றதுக்கா?" என்றாள் மனைவி.

பக்கத்து அறையில் அண்ணன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. மனைவி மெதுவாக, சத்தம் வராமல், தன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினாள்.

குறிப்பிட்ட நாளில் மண்டபம் நிரம்பி வழிந்தது. துடைப்பம் வாங்கிய பழைய விண்ணப்பதாரர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மனைவியும் அண்ணியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் நீண்ட நேரம் பேசினார். இன்று முதல் இந்த மண்டபத்தில் சாவி எங்கே இருக்கிறது என்பது யாருக்குமே தெரியாது, இதைவிட நேர்மையான நிர்வாகம் இருக்க முடியுமா என்று கேட்டார். கைதட்டினார்கள்.

மெக்கானிக் நடுக்கதவைத் தொட்டான். புதிய திறப்பாளர் முன்னால் வந்தார். கையுறைகளை இடது வலது மாற்றிப் போட்டிருந்தார். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வலது கதவைத் திறந்தார்.

ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்த வேகத்தில் லேசாக ஆடியது.

புதிய திறப்பாளர் தன் வேலை முடிந்த நிம்மதியோடு ஒதுங்கி நின்றார். அவர் அதுவரை சாவியையும் பார்த்ததில்லை, துடைப்பத்தையும் பார்த்ததில்லை. அது ஆவணப் பிரிவில் வராது.

இயக்குநர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் எழுந்து, மூடியிருந்த கதவுகளை விரலால் எண்ணினார்.

"ரெண்டு கதவு மூடியிருக்கு. பாதிக்குப் பாதி" என்றார்.

"சார், சாவி அதோ தொங்குது" என்றான் மெக்கானிக்.

"அது திறந்த கதவு. திறந்த கதவு கணக்கில் சேராது."

"ஆனா எல்லாரும் பார்க்கறாங்களே சார்."

"பார்த்ததையெல்லாம் கணக்குல சேர்த்தா அப்புறம் கணக்கு எதுக்கு?"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். திறப்பாளர் திறந்து காட்டும் கதவில் இருப்பது துடைப்பமே என்று விதியில் தெளிவாக இருப்பதாகவும், விதி இருக்கும்போது கண்ணை நம்புவது ஒழுங்கீனம் என்றும் அறிவித்தார். பிறகு நிமிர்ந்து நின்று, "நிற்கிறீர்களா, மாறுகிறீர்களா?" என்று கேட்டார்.

மெக்கானிக்குக் கோபம் வந்தது. அது என் வீடு, எல்லோரும் பார்க்கிறீர்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தேவிட்டான். அப்போது முன்வரிசையில் அண்ணி இருமினாள். பேச்சு வேறு பக்கம் போகும்போது எச்சரிப்பதற்காக அவள் வழக்கமாக இருமும் இருமல். அவன் திரும்பிப் பார்த்தான். அண்ணியின் பார்வை அவன்மேல் இல்லை. திறந்த கதவின் ஆணிமேல் இருந்தது.

ஆறுதல் பொருளை எந்தக் கதவிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள் என்பது அவனுக்கு நினைவு வந்தது. மூன்று தடவை வாங்கியவனாயிற்றே.

மூடியிருந்த இரண்டு கதவுகளிலும் துடைப்பம்தான். நின்றாலும் தோல்வி, மாறினாலும் தோல்வி. வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்கு ஒரு விஷயம் நூற்றுக்கு நூறு நிச்சயமாகத் தெரிந்தது.

"மாறுகிறேன்" என்றான். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய அனுமதியை வீணாக்க மனம் வரவில்லை.

இடது கதவைத் திறந்தார்கள். துடைப்பம்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "மாறுவதால் எந்தப் பயனும் இல்லை என்பதை இன்று நாம் அனைவரும் கண்ணால் கண்டோம்" என்றார். கைதட்டல் ஓயும் வரை காத்திருந்து, "விண்ணப்பதாரருக்கு ஆறுதல் பொருளை வழங்குங்கள்" என்றார்.

புதிய திறப்பாளர் நேராகத் திறந்த கதவுக்குப் போனார். ஆணியில் தொங்கியதைக் கழற்றினார். முதல் நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்த வாசகத்தைத் திணறாமல் சொன்னார். "வாரியத்தின் அன்பளிப்பு. வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள்."

மெக்கானிக்கின் உள்ளங்கையில் சாவி விழுந்தது. சில்லென்று இருந்தது.

இயக்குநர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கை பாதி உயர்ந்தது. அதைச் சாவி என்று சொன்னால் திறந்த கதவில் சாவி இருந்தது என்று ஆகும். திறந்த கதவில் சாவி இருந்தால் வாரியம் தவறு செய்தது என்று ஆகும். உயர்ந்த கை மெல்ல நெற்றிக்குப் போய் வியர்வையைத் துடைத்துவிட்டு இறங்கியது.

தெருவில் நடக்கும்போது தோளில் எதுவும் இல்லாதது அவனுக்கு என்னவோபோல் இருந்தது. வழியில் பார்த்தவர்கள் ஒதுங்கவில்லை. அவன் எங்கிருந்து வருகிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வருடத்தின் வாரிய அறிக்கையில், மாறுவதற்கு அனுமதி பெற்ற ஒரே விண்ணப்பதாரருக்கும் துடைப்பமே கிடைத்தது என்ற செய்தி கட்டம் கட்டி வெளியானது. அதன் பிறகு யாரும் மாறக் கேட்கவில்லை. காகிதப்படி வீடில்லாதவன் என்பதால் அவனுக்கு மட்டும் இன்றுவரை அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. அவனும் போய் நின்று, தலைக்கு மேல் எழுதியிருப்பதைப் படித்து, "நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டு வருகிறான். சாவியில் கட்டியிருந்த தகட்டில் எழுதிய முகவரியில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. ஒரே வாரத்தில் அதை ஓட வைத்தான்.

ஆனால் முதல் நாள் எல்லோரும் படியேறித்தான் போனார்கள். மனைவி ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினாள். பூட்டு ஒரே திருகலில் திறந்துகொண்டது. யாரும் குடியிருந்து பாழாக்காத வீடு. தரையில் கணுக்கால் அளவுக்குத் தூசி. உள்ளே குறுகலான ஒரு நடை, அதன் முடிவில் மூன்று கதவுகள். மூன்றும் மூடியிருந்தன.

மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏங்க, உள்ள போங்க. கால் வலிக்குது" என்றாள் மனைவி.

"எதைத் திறக்கறதுன்னு பார்க்கறேன்."

கடைசியாக அண்ணி படியேறி வந்தாள். அவள் கக்கத்தில் மூன்று துடைப்பங்களும் இருந்தன. ஒன்றை அவன் கையில் திணித்தாள்.

"எதை வேணும்னாலும் திறங்க தம்பி. மூணும் உங்களோடதுதான்."